எட்டாவது முடிச்ச பிள்ளைக்கு ஊரே கை தட்டணும்

நம்ம காலேஜ்ல விழாவுக்குப் பஞ்சமே இல்லை. சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் டே, டிபார்ட்மென்ட் டே, ஃபேர்வெல் என்று வருஷம் பூரா ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. பேப்பர் பிரசன்டேஷனுக்குப் போய் கடைசி பெஞ்ச்ல உட்கார்ந்துட்டு வந்தாலும் ஒரு சர்டிபிகேட் கையில கொடுத்து அனுப்பிடுறாங்க. அதுக்கு ஓடி வேற. நாலு வருஷத்துல நம்மகிட்ட சேர்ற சர்டிபிகேட்டை எண்ணிப் பார்த்தா நமக்கே சிரிப்பு வரும்.

நான் இந்தக் கட்டுரையில பேசப் போறது வேற ஒரு விழாவைப் பத்தி. சாமியானா பந்தல், ரேடியோ செட், டிராக்டர் டிரெய்லர் மேல பலகை போட்ட மேடை, பரிசுன்னா ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஆமா, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாதான். நம்மில் நிறையப் பேர் அந்த மேடையில ஆடியிருப்போம், திருக்குறள் ஒப்புவிச்சிருப்போம், மாறுவேடத்துல பாரதியார் மீசை கீழே விழாம பிடிச்சுக்கிட்டு நின்னிருப்போம். அப்புறம் காலேஜ் வந்ததும் அதை ஒரு மீம் அளவுக்கு மட்டும் ஞாபகம் வெச்சிருக்கோம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு கிராமத்துல நடக்கிற விழாக்கள்லயே ரொம்ப முக்கியமான வேலையைச் செய்யக்கூடியது இந்த விழாதான். அதைச் சரியா நடத்தினா சில பிள்ளைகளோட படிப்பு நிற்காம தொடரும். அதுல நமக்கும் ஒரு பங்கு இருக்கு.

சட்டம் கையை எடுக்கிற இடம்

ஏன் குறிப்பா நடுநிலைப் பள்ளி? இதுக்குப் பதில் எட்டாம் வகுப்புல இருக்கு.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயதிலிருந்து 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, படிப்பை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியிருக்கு. அந்த வகுப்பு வரைக்கும் நம்ம மாநிலத்துல ஃபெயிலும் கிடையாது. இப்போ குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்க. 2016-ல் செஞ்ச திருத்தத்துக்குப் பிறகு, 14 வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுறது மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு. ஆனா 14 முடிஞ்சு 18-க்குள்ள இருக்கிறவங்களுக்கு ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை. மத்த வேலைக்குப் போனா சட்டம் பெரிசா கண்டுக்காது.

ரெண்டு சட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிள்ளையைப் பிடிச்சிருந்த ரெண்டு கையும் கிட்டத்தட்ட ஒரே வயசுல தளருது. பள்ளிக்கூடமும் சரியா அங்கேயே முடியுது.

உயர்நிலைப் பள்ளியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ படிக்கிற பிள்ளைக்கு எட்டுல இருந்து ஒன்பதுக்குப் போறதுன்னா பக்கத்து ரூமுக்குப் போற மாதிரி. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு அப்படி இல்லை. டி.சி. வாங்கணும். வேற ஊருல அட்மிஷன் போடணும். காலையில பஸ் பிடிக்கணும். தெரியாத டீச்சர், தெரியாத பசங்க. சிவில் படிக்கிற நண்பர்களுக்கு இது நல்லாவே புரியும்: கட்டடத்துல பெரும்பாலும் பிரச்சினை வர்றது இணைப்புகள்லதான். நம்ம பள்ளிக்கல்வியில அந்த மாதிரி ஓர் இணைப்பு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல இருக்கு.

அந்த ஏப்ரல், மே மாசத்துலதான் வீட்டுல பேச்சு ஆரம்பிக்கும். பையன்னா, "சித்தப்பாகூட திருப்பூருக்குப் போகட்டும், பனியன் கம்பெனியில ஆள் கேக்குறாங்க." இல்லைன்னா மெக்கானிக் ஷாப், சென்டரிங், கேட்டரிங். பொண்ணுன்னா, "அவ்வளவு தூரம் பஸ்ல தனியா எப்படி அனுப்புறது? தம்பியைப் பாத்துக்க ஆளு வேணும்ல." அந்தப் பேச்சு நடக்கிறப்போ டீச்சர் பக்கத்துல இருக்க மாட்டாங்க. அதிகாரியும் இருக்க மாட்டாங்க. அப்பா, அம்மா, ஒரு தாத்தா, ஒரு மாமா, அவ்வளவுதான். முடிவு அந்தத் திண்ணையில எடுக்கப்படுது.

அந்தத் திண்ணைக்குள்ள பள்ளிக்கூடம் எப்படி நுழையும்? எனக்குத் தெரிஞ்சு அதுக்கு இருக்கிற நல்ல வழிகள்ல ஒண்ணு ஆண்டு விழா. "உங்க பொண்ணு நல்லா படிக்கிறா"ன்னு டீச்சர் வீட்டுல வந்து சொன்னா அது ஒரு தகவல். அதையே ஊர் முன்னாடி மைக்ல சொல்லி, ஊரே கை தட்டினா அது குடும்பத்துக்கு ஒரு கௌரவம். கௌரவத்தை நம்ம ஊர்ல யாரும் லேசா விட்டுக்கொடுக்க மாட்டாங்க.

நம்ம சீட்டும் ஆறாம் வகுப்புல ஆரம்பிச்சதுதான்

இது நமக்கு எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்ன கணக்கு.

நம்ம வகுப்புலயே 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுல வந்தவங்க இருக்காங்க. மருத்துவத்துக்கு 2020-ல் வந்த அந்த ஒதுக்கீடு, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் மாதிரியான படிப்புகளுக்கும் வந்துச்சு. இந்தச் சீட்டுல சேர்றவங்களோட படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுது. அதுக்கான முக்கியத் தகுதி என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். மாசம் 1,000 ரூபாய் வருதே, பெண்களுக்கு 2022-ல் தொடங்கின புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-ல் தொடங்கின தமிழ்ப் புதல்வன், அதுலயும் ஆறாம் வகுப்புல இருந்துதான் கணக்கு.

அதாவது கவுன்சலிங்ல நமக்குக் கிடைச்ச சீட்டோட முதல் மூணு வருஷம் ஒரு நடுநிலைப் பள்ளியோட ஓட்டுக் கட்டடத்துல இருக்கு. நம்ம பயோடேட்டாவுல பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்கைப் போடுறோம். அந்த மூணு வருஷத்தை எங்கயும் போடுறதில்லை. ஆனா சீட்டு கொடுத்தது அந்த வருஷங்களையும் எண்ணித்தான்.

எங்க ஊர்ல இந்த வருஷம் பார்த்தது

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு கிராமம். ஒன்றுல இருந்து எட்டு வரைக்கும் சேர்த்து தொண்ணூத்தி நாலு பிள்ளைங்க, தலைமை ஆசிரியையோட சேர்த்து அஞ்சு டீச்சர். இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு ஹாஸ்டல் நண்பர்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன்.

சாமியானாக்காரர் பாதி வாடகை போதும்னுட்டார். ரேடியோ செட் அண்ணன் காசே வாங்கல, அவரும் அதே பள்ளிக்கூடத்துல படிச்சவர். டீக்கடையில இருந்து ரெண்டு கேன் டீ வந்துச்சு. மகளிர் குழு அக்காங்க சுண்டல் அவிச்சுக் கொண்டுவந்தாங்க. இப்பல்லாம் அரசும் ஆண்டு விழாவுக்குன்னு பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குது. ஆனா அந்தப் பணத்தை மட்டும் வெச்சு இந்த மாதிரி ஒரு விழா நடத்த முடியாதுன்னு அன்னைக்குப் பார்த்த யாருக்கும் புரியும்.

எனக்குப் பிடிச்சது பரிசு கொடுத்த விதம். முதல் மார்க், இரண்டாம் மார்க் வாங்கினவங்களுக்குப் பரிசு உண்டு, அதுல எந்தக் குறையும் வைக்கல. அதோட தொண்ணூத்தி நாலு பிள்ளைகளையும் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்பு டீச்சர் ஒரே ஒரு வரி எழுதி வெச்சிருந்தாங்க. "இந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு போடல." "தினமும் முதல் ஆளா வந்து செடிக்குத் தண்ணி ஊத்தினான்." "ஜூன்ல எழுத்துக் கூட்டிப் படிச்சா, இப்போ தம்பிக்குக் கதை படிச்சுக் காட்டுறா." "பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாவும் சொல்லுவான்." "கலைத் திருவிழாவுல களிமண்ல மாட்டுவண்டி செஞ்சு வட்டார அளவுல போய் வந்தான்."

இதுக்கே ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. ஒருத்தர்கூட எழுந்து போகல. ஏன்னா எல்லா வீட்டுப் பிள்ளையும் வரிசையில இருக்கு. லீவே போடாத அந்தப் பொண்ணோட அம்மா நூறு நாள் வேலையில இருந்து நேரா வந்து, பந்தலுக்கு வெளியே வேப்பமரத்துக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஹெச்.எம். டீச்சர் விடல. "ஒரு நாளும் லீவு போடாம அனுப்பி வெச்சது நீங்கதானே, நீங்களும் மேல வாங்க"ன்னு கூப்பிட்டு, பரிசை அம்மா கையில கொடுத்துப் பொண்ணுகிட்ட கொடுக்கச் சொன்னாங்க.

கடைசியில எட்டாவது முடிக்கிற பதினொரு பேர். பெற்றோரோட மேடை ஏறச் சொல்லி, "ஒன்பதாவது எந்தப் பள்ளிக்கூடம்?"னு ஒவ்வொருத்தரா மைக்ல சொல்லச் சொன்னாங்க. பத்து வீட்டுல பள்ளி பேரைச் சொல்லிட்டாங்க. ஒரு அப்பா மட்டும் மைக்கைக் கையில வெச்சுக்கிட்டு, "யோசிக்கணும் டீச்சர், பஸ்ல தனியா போகணும்ல"ன்னார். கொஞ்ச நேரம் அமைதி. கூட்டத்துல இருந்து ஒரு பெரியம்மா சத்தமா, "என்னத்தடா யோசிக்கிற? எங்க வீட்டுப் புள்ளையும் அந்த பஸ்லதான் போகுது, ரெண்டும் சேர்ந்து போகட்டும்"னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க, கை தட்டினாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே பள்ளி பேரைச் சொன்னார்.

அந்தப் பொண்ணு ஒன்பதாவது போகுதா இல்லையான்னு ஜூன்ல பள்ளி திறந்தாத்தான் தெரியும். ஆனா இனிமே அந்த வீட்டுத் திண்ணையில நடக்கிற பேச்சு பழைய பேச்சா இருக்காது. அந்தப் பெரியம்மா அவரைத் திட்டல, குற்றவாளி மாதிரி நிறுத்தல. அவர் சொன்ன தடங்கலுக்கு ஒரு வழியைச் சொன்னாங்க. ஊர் ஒற்றுமைன்னு நாம பெரிய வார்த்தையில சொல்றது எனக்கு அந்த ஒரு வரியில கேட்டுச்சு.

எந்தத் தெருவும் விட்டுப்போகக் கூடாது

ஊர்னு சொல்லும்போது ஒரு விஷயத்தைச் சொல்லாம தாண்டிப் போக முடியாது. நம்ம ஊர்கள்ல திருவிழான்னா வரி யார் கொடுக்கணும், முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்குள்ள போகும், எந்தத் தெருவுக்குள்ள போகாதுன்னு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்குல எப்பவும் வெளியே நிக்கிற தெருன்னு ஒண்ணும் இருக்கு. ஆண்டு விழாவுக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. எல்லாத் தெருப் பிள்ளையும் ஒரே தார்ப்பாய்ல உட்காருது. வருகைப் பதிவேட்டு வரிசையில பேர் வருது. காலனிப் பிள்ளையோட பேரை மைக்ல கூப்பிடுறப்போ ஊர்த்தெரு ஆளும் கை தட்டுறார். இது தானா நடந்துடாது, நடத்துறவங்க பார்த்து நடத்தணும். ஆனா நடத்த முடியும்.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. மாணவர்கள் கையில கட்டுற கயிறோட கலர்ல சாதி தெரியுதுன்னு பேசுற நிலைமையிலதான் நாம இருக்கோம். பள்ளிகளில் சாதிப் பிரிவினையைத் தடுக்க என்ன செய்யலாம்னு ஆராய்ஞ்சு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு 2024-ல் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டி வந்துச்சு. சட்டமும் சுற்றறிக்கையும் ஒரு பக்கம் தேவைதான். இன்னொரு பக்கம், மத்தவங்க வீட்டுப் பிள்ளை ஜெயிக்கிறதைப் பார்த்து மனசாரக் கை தட்டுற பழக்கமும் வேணும். அதைப் பழகுறதுக்கு நடுநிலைப் பள்ளி வயசை விட நல்ல வயசு கிடையாது.

புதுக்கோட்டை, திருச்சி பக்கமெல்லாம் சில வருஷமா 'கல்விச் சீர்'னு ஒண்ணு நடக்கிறது உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. கல்யாணத்துக்கு, காதுகுத்துக்குச் சீர் கொண்டுபோற மாதிரி, மேளதாளத்தோட ஊர்வலமா பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டுபோவாங்க. தாம்பாளத் தட்டுல நோட்டு, பேனா, புத்தகம். தலையில நாற்காலி, பீரோ, மின்விசிறி. பள்ளிக்கூடத்தைத் தாய்மாமன் முறையில ஊர் ஏத்துக்கிற மாதிரி இருக்கும். அருமையான யோசனை. என் ஒரே வேண்டுகோள், அந்த ஊர்வலம் ஊரோட கடைசித் தெருவுல இருந்து கிளம்பணும். அந்தத் தெருத் தட்டுல ரெண்டு பென்சில் டப்பா மட்டும் இருந்தாலும் சரி, அது முதல்ல போகணும்.

ஊர் சேர்ந்து பள்ளியைத் தூக்கி நிறுத்துறது நமக்குப் புதுசும் இல்லை. காமராசர் முதல்வரா இருந்தப்போ, கல்வித் துறை இயக்குநரா இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊர் மக்கள் பணமாவும் பொருளாவும் நிலமாவும் உழைப்பாவும் பள்ளிகளுக்குக் கொடுத்தாங்க. அப்போ தொடங்கின மதிய உணவுத் திட்டமும் முதல்ல ஊர்க்காரங்க கையை நம்பித்தான் நடந்துச்சு. கையில பெரிசா காசில்லாத தலைமுறை அது. நாம ஒரு ட்ரீட்டுக்குச் செலவு பண்றதைச் சேர்த்தாலே ஒரு வகுப்புக்குப் பரிசு வாங்கிடலாம்.

எதிர்க் கேள்விகள்

ஹாஸ்டல்ல இதைப் பேசினப்போ நண்பர்கள் கேட்ட ரெண்டு கேள்வியை இங்கே வைக்கணும்.

முதல் கேள்வி: "எட்டு வகுப்புக்கு அஞ்சு டீச்சர், ஒரே ரூம்ல ரெண்டு வகுப்பு நடக்குது. இதுல விழா எதுக்கு? டீச்சரைப் போடச் சொல்லுங்கடா." நியாயமான கேள்வி. விழா டீச்சருக்கு மாற்று இல்லை. கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் மாற்று இல்லை. ஆனா டீச்சரைக் கேக்கப் போறது யாரு? ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. உறுப்பினர்கள்ல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். காகிதத்துல எல்லா ஊர்லயும் இந்தக் குழு இருக்கு. கூட்டத்துக்கு ஆள் வர்றதுதான் கஷ்டம். பள்ளிக்கூடம் தன்னோடதுன்னு நினைக்கிற ஊர்லதான் ஆள் வருவாங்க, தீர்மானம் போடுவாங்க, மனுவைத் தூக்கிக்கிட்டு அலுவலகத்துக்கு அலைவாங்க. பிள்ளையோட பரிசுக்குக் கை தட்டின அம்மாதான் நாளைக்கு அந்த மனுவுல கையெழுத்துப் போடுவாங்க.

ரெண்டாவது கேள்வி: "எல்லாருக்கும் பரிசு கொடுத்தா பரிசுக்கு என்னடா மதிப்பு? நம்ம பார்ட்டிசிபேஷன் சர்டிபிகேட் மாதிரி ஆயிடாதா?" ஆகும், பொய்யாப் பாராட்டினா ஆகும். "எல்லாரும் சூப்பர்"னு சொல்லி ஒரு டப்பாவைக் கையில கொடுத்தா பிள்ளைக்கே தெரியும், இது சும்மா கொடுத்ததுன்னு. ஆனா "எழுத்துக் கூட்டிப் படிச்சவ இப்போ கதை படிக்கிறா"ங்கிறது அந்தப் பிள்ளை உண்மையிலேயே செஞ்ச ஒரு காரியம். அதைக் கவனிக்க ஒரு டீச்சர் வருஷம் பூரா பார்த்திருக்கணும். அந்த ஒரு வரியை எழுதுறது ஒரு டிராபி வாங்குறதை விடக் கஷ்டம். பரிசோட மதிப்பு அந்த வரியிலதான்.

இதுல குறை சொல்ல வேண்டிய இடமும் இருக்கு. பிள்ளைங்க மேக்கப்போட வெயில்ல ரெண்டு மணி நேரம் காத்திருக்க, மேடையில ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை போர்த்திக்கிட்டே இருக்கிற விழாக்களையும் பார்த்திருக்கேன். வாசல்ல இருக்கிற ஃப்ளெக்ஸ்ல பெரியவங்க முகம் பத்து இருக்கும், பிள்ளைங்க முகம் ஒண்ணுகூட இருக்காது. டியூப் லைட்ல 'உபயம்'னு பேர் எழுதி வெளிச்சத்தை மறைச்ச கதை இன்னும் முடியல. விழா பிள்ளைங்களோடது. அவங்க ஆடி முடிச்ச பிறகு நேரம் இருந்தா மத்தவங்க பேசலாம்.

நாம என்ன செய்யலாம்

பேசினது போதும். இந்த வருஷம் செய்யக்கூடிய நாலு விஷயம்.

ஒண்ணு, போங்க. ஆண்டு விழா பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்ல வரும். தேதியைக் கேட்டு வெச்சுக்கோங்க. முந்தின நாளே போனா சீரியல் பல்பு கட்ட, பெஞ்ச் தூக்க, மைக்குக்கு ஒயர் இழுக்க ஆள் தேவைப்படும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு அதையாவது செய்வோம்.

ரெண்டு, மேடையில பேசச் சொன்னா அஞ்சு நிமிஷம் பேசுங்க. 'கனவு காணுங்கள்' ரகப் பேச்சை அந்தப் பிள்ளைங்க ஏற்கெனவே நிறையக் கேட்டிருக்கும். அவங்களுக்குத் தேவை தகவல். ஒன்பதாவதுக்கு எந்தப் பள்ளி, எந்த பஸ், எத்தனை மணிக்கு. ஆறுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சா என்னென்ன கிடைக்கும். காலேஜ்ல நீங்க ஃபீஸ் எவ்வளவு கட்டுறீங்க, எவ்வளவு கட்டல. நம்ம ஊர்ல இருந்து போன ஒருத்தர் இதைச் சொன்னா, பின்னாடி நிக்கிற அப்பாக்கள் காது கொடுத்துக் கேப்பாங்க.

மூணு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கு. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். தேர்வானா ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரை மாசம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு மொத்தம் 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 6,695 இடம். ரெண்டு தாள், ஒவ்வொண்ணும் 90 கேள்வி, 90 நிமிஷம். ஒரு தாள் மனத்திறன். இன்னொண்ணு ஏழு, எட்டாம் வகுப்புப் பாடம்: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. அந்த மனத்திறன் தாள்ல வர்ற எண் தொடர், குறியீடு, படப் பொருத்தம் எல்லாம் நாம பிளேஸ்மென்ட்டுக்கு ஆப்டிடியூட்னு போடுற கணக்கோட தம்பிங்கதான். ஊருக்குப் போற ஞாயிற்றுக்கிழமையில ரெண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தா, உங்க ஆப்டிடியூட்டும் தேறும். எட்டாவது முடியுற இடத்துல ஒரு பிள்ளை கையில மாசம் ஆயிரம் ரூபாய் வர்ற மாதிரி ஆச்சுன்னா, பனியன் கம்பெனிப் பேச்சுக்கு அந்தப் பிள்ளையே பதில் சொல்லிடும்.

நாலு, பள்ளி மேலாண்மைக் குழு. 2024-ல் குழுக்களைப் புதுசா அமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் அதுல இடம் கொடுத்தாங்க. உங்க பள்ளியில அந்த இடத்துல யார் இருக்காங்கன்னு விசாரிங்க. அடுத்த முறை அமைக்கிறப்போ நீங்க பேர் கொடுங்க. ஆறுல இருந்து எட்டு வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்காக 2022-ல் தொடங்கின வானவில் மன்றத்துல அறிவியல், கணித சோதனைகள் செஞ்சு காட்டுறாங்க. நம்ம லேப்ல தூசி படிஞ்சு கிடக்கிற பழைய மாடல் எதையாவது ஹெச்.ஓ.டி. அனுமதியோட எடுத்துக்கிட்டுப் போய் அந்த வகுப்புல ஓட்டிக் காட்டலாம். ஒரு சின்ன மோட்டார் சுத்துறதைப் பார்த்துப் பிள்ளைங்க முகத்துல வர்ற ஆச்சரியம் நம்ம வைவாவுல யார் முகத்துலயும் வராது.

இதெல்லாம் சேவை, தியாகம்னு நான் சொல்ல வரல. நாலு நாள் வேலை, கொஞ்சம் பஸ் காசு, அவ்வளவுதான். நம்ம தெருப் பையன் காலேஜ்ல படிக்கிறான், லீவுல வந்தா பள்ளிக்கூடத்துப் பக்கம் வருவான்னு ஊருக்குத் தெரிஞ்சாலே, எட்டாவதுக்கு அப்புறம் என்னங்கிற கேள்விக்குக் கண்ணு முன்னாடி ஒரு பதில் நடமாடுற மாதிரி.

அடுத்த ஆண்டு விழாவுக்கு இன்னும் மாசங்கள் இருக்கு. அதுக்கு முன்னாடி ஜூன் வருது. உங்க ஊர் நடுநிலைப் பள்ளியில இந்த வருஷம் எட்டாவது முடிச்சவங்க எத்தனை பேர், அதுல எத்தனை பேர் டி.சி. வாங்கி ஒன்பதாவதுல சேர்ந்திருக்காங்கன்னு ஹெச்.எம்.கிட்ட ஒரு போன் போட்டுக் கேளுங்க. சேராத பிள்ளை யாராவது இருந்தா வீடு எதுன்னும் கேட்டுக்கோங்க. லீவு முடியறதுக்குள்ள அந்தத் திண்ணைக்கு ஒரு தடவை போய்ப் பேசிட்டு வந்துடுங்க.